கோவணம் சாரும் நாற்பத்தோராவது வரியும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பிறந்து வளர்ந்தவர்களில், வேண்டாததை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவருக்குக் கோவணம் சார் என்று பெயர். மற்றவர்களெல்லாம் வீட்டில் ஓடாத கடிகாரத்தையும் ஆபீசில் வேலை செய்யாத மேனேஜரையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர்கள். அந்த மேனேஜர் நான்தான்.

ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சும் கட்டுத்துணியும் தயாரிக்கும் ஒரு மில்லில் நிர்வாக மேனேஜராக இருந்தேன். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தவன் என்பதால் வெளியூர்க் கடிதங்கள் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். எதை எழுதினாலும் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடாமல் எனக்குப் பேனா ஓடாது. கடிதம், லீவு விண்ணப்பம், சலவைக்குப் போட்ட துணிப்பட்டியல், எல்லாவற்றுக்கும் சுழி உண்டு. ஒருமுறை வேலையை ராஜினாமா செய்துவிடுவதென்று கோபத்தில் உட்கார்ந்தபோதும் முதலில் சுழியைத்தான் போட்டேன். அதற்குள் கோபம் ஆறிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் முதலாளிக்கு இன்டர்நெட் ஆசை வந்தது. யாரோ உறவினர் கம்ப்யூட்டரிலேயே ஆர்டர் எடுப்பதாகக் கல்யாணப் பந்தியில் கேள்விப்பட்டிருக்கிறார். நம் மில்லுக்கும் அதைச் செய்ய ஒரு ஆளைப் பிடிக்கச் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார் ஒருவர். அவரை நான்தான் அழைத்து வந்தேன். இந்தக் கதையில் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

முதல் நாள் சைக்கிளில் வந்து இறங்கினார். மெலிந்த உடம்பு, முப்பத்தைந்து வயதிருக்கும். சைக்கிளில் கேரியர் இல்லை, மணி இல்லை, மட்கார்டு இல்லை. மழைநாள் ஆகையால் முதுகில் இடுப்பிலிருந்து கழுத்துவரை ஒரே நேர்கோட்டில் சேறு அடித்திருந்தது. கேட்டில் வாட்ச்மேன் அதைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ரோடு போட்டுக்கிட்டே வாரீகளா?" என்று கேட்டார். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மழ வருசத்துல எத்தன நாளு பெய்யுது? அதுக்காவ வருசம் பூரா மட்கார்ட சொமக்கணுமா?" என்றார்.

எல்லாவற்றிலும் அப்படித்தான். டீக்கடையில் முதலில் சர்க்கரையைக் குறைத்தார், பிறகு பாலைக் குறைத்தார், கடைசியில் கடைக்காரர் வெந்நீரை நீட்டி, "இதுக்கு மேல கொறைக்கணும்னா தம்ளரத்தான் வாங்கி வைக்கணும்" என்று சொல்லும் நிலை வந்தது. தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுதும் பொறுப்பை வீட்டில் இவரிடம் விட்டுவிட்டார்கள். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், நாள், இடம் என்று நான்கு வரியில் முடித்துவிட்டார். பெயர் விட்டுப்போன பெரியப்பா, தாய்மாமன் எல்லாரும் கல்யாணத்துக்கு வரவில்லை. "கூட்டம் கொறஞ்சு பந்தி ஒரே தடவையில முடிஞ்சுது சார்" என்று என்னிடம் மனநிறைவோடு சொன்னார். அவர் வாயாரப் புகழ்ந்த ஒரே பண்டம் எங்கள் ஊர்ப் பால்கோவா. பாலில் வேண்டாதது எல்லாம் போன பிறகு மிஞ்சுவது அதுதானாம். நல்ல புரோகிராமும் அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

அவர் எழுதும் புரோகிராம் எதுவும் நாற்பது வரியைத் தாண்டாது. பிரிண்டரில் அடித்தால் ஒரே தாளில் முடிய வேண்டும், அதை மடித்துச் சட்டைப்பையில் வைக்க முடிய வேண்டும் என்பது அவருடைய சட்டம். வெளியூர் ஆஸ்பத்திரிக்காரர் கம்ப்யூட்டர் திரையில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புவார். எங்கள் கம்ப்யூட்டர் அதைப் படித்து, சரக்கு எவ்வளவு இருக்கிறது, என்றைக்கு லாரி ஏறும் என்று பதில் பக்கத்தை அனுப்பும். அவ்வளவுதான் வேலை. இதற்கான அடிப்படை எலும்புக்கூடு ஒன்றை அவரே கட்டி வைத்திருந்தார். அதற்குள் மில்லின் விவரத்தைப் போட்டால் மில்லுக்கு ஓடும், பள்ளிக்கூடத்தின் விவரத்தைப் போட்டால் பள்ளிக்கூடத்துக்கு ஓடும். அதற்கு அவர் வைத்த பெயர்தான் கோவணம்.

"என்ன சார் இது பேரு?" என்று நான் கூசினேன்.

"மறைக்க வேண்டியத மறைக்கும் சார். அவுந்து விழாது. அதுக்கு மேல உடுத்துறதெல்லாம் அலங்காரம்" என்றார்.

அன்றிலிருந்து அவருக்கும் அதுவே பெயராயிற்று. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவருடைய உண்மைப் பெயர் வழங்கவில்லை.

அலங்காரத்தோடு ஒரு மதுரைக் கம்பெனியும் போட்டிக்கு வந்தது. டை கட்டிய ஒருவர் தம் கம்பெனி செய்த பக்கத்தைத் திறந்து காட்டினார். நடுவில் ஒரு பூகோள உருண்டை சுற்றுமாம். அப்போது மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் இன்டர்நெட்டைப் பிடிக்க வேண்டும். உருண்டை அந்தத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கொஞ்சங்கொஞ்சமாக இறங்கியது. ஆசியா வந்து சேர்ந்து வெகுநேரம் ஆகியும் ஆப்பிரிக்கா வரவில்லை. அது கிளம்பி வரும் வழியில் லைன் கட்டாகிவிட்டது. கோவணம் சாரின் பக்கமோ பொத்தானைத் தட்டியதும் வந்து நின்றது. முதலாளி சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரிப் பெரியவர்கள் முன்னிலையில் திறப்பு விழாவில் இது ஓடட்டும், அன்றைக்கே கோவணம் சாருக்கு நிரந்தர உத்தரவு கொடுத்துவிடலாம் என்றார். உத்தரவை நான் டைப் அடித்து, தலையில் சுழியும் போட்டு, கையெழுத்துக்குத் தயாராக என் மேஜை டிராயரில் வைத்தேன்.

அந்தக் காகிதத்துக்காக மடவார் வளாகத்தில் ஒரு வீடே காத்திருந்தது. சேத்தூரில் கோவணம் சாருக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் தட்டு மாற்றுவது என்று பெண்ணின் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பொண்ணு எப்படி சார்?" என்று கேட்டேன். "அதிகம் பேசல. எனக்குப் புடிச்சிருக்கு" என்றார். அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இடையில் எனக்கும் அந்தக் கோவணத்தைத் திறந்து மூடக் கற்றுக்கொடுத்திருந்தார். கட்டுத்துணி வகைகளின் பெயர் மாறினால் நானே திருத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. திறந்து பார்த்ததும் என் கண்ணில் உறுத்தியது முதல் வரிதான். ஏதோ கம்பிவேலி போன்ற குறி, பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி. சுபகாரியம் இப்படியா தொடங்கும்? ஒரு சுழி போட்டுவிடலாமே என்று கேட்டேன்.

"மொத வரி மெசினுக்கு உள்ளது சார். அதப் பாத்துத்தான் இது என்ன பாசைன்னு அதுக்குத் தெரியும். அதுக்கு முன்னால ஒண்ணும் வரப்படாது."

"பிள்ளையாருமா?"

"ஆருமே."

எனக்குச் சுருக்கென்றது. எம்.ஏ. படித்தவன், அவரைவிட இருபது வயது மூத்தவன். மட்கார்டு இல்லாத ஆள் எனக்குப் பிள்ளையாரைப் பற்றிச் சொல்வதா?

திறப்பு விழா அன்று காலை கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. மாலை போட்டதில் திரை பாதி மறைந்துவிட்டது. பூவை ஒதுக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டு, கோவணம் சார் டீ குடிக்கக் கீழே போனார். அறையில் நான் மட்டும் இருந்தேன். கோவணம் இருந்த கம்ப்யூட்டர் கோப்பைத் திறந்தேன். கீபோர்டில் தமிழ் கிடையாது. இரண்டு என்ற எண் பார்வைக்குச் சுழி மாதிரியே இருக்கும் என்று தோன்றியது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு '2' அடித்து, அடுத்த வரிக்குத் தள்ளி, அவர் சொல்லிக்கொடுத்தபடியே சேமித்து மூடினேன். கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டேன்.

விருந்தாளிகள் வந்து அமர்ந்தார்கள். மதுரையிலிருந்து வந்திருந்த பெரிய டாக்டர் படிவத்தை நிரப்பிப் பொத்தானைத் தட்டினார். வெள்ளைத் திரையில் கொட்டை எழுத்தில் ஆங்கிலம் வந்தது. உள்ளே கோளாறு, அட்மினிஸ்ட்ரேட்டரை அணுகவும் என்று அதற்குப் பொருள். டாக்டர் அதை உரக்கப் படித்தார். "அட்மினிஸ்ட்ரேட்டர்னா நம்ம மேனேஜர்தானே?" என்று முதலாளி என்னைப் பார்த்தார். அன்று அந்த அறையில் உண்மை பேசியது அந்த எந்திரம் ஒன்றுதான். நான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோவணம் சாரைக் கை காட்டினேன்.

அவர் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். தலையில் அந்த '2' நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தார். பிறகு திரும்பி, என் கையில் இருந்த விழா நிகழ்ச்சிநிரலைப் பார்த்தார். அதன் தலையில் சுழி இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு விரலால் '2'-ஐ அந்த வரியோடு அழித்தார். பக்கம் பொத்தானைத் தட்டியதும் வந்து நின்றது. ஆனால் டாக்டர் அதற்குள் எழுந்து காபிப் பக்கம் போய்விட்டிருந்தார்.

"என்னய்யா தப்பு?" என்றார் முதலாளி.

"எந் தப்புதான் மொதலாளி. மொத வரியில ஆரும் கைவைக்காத மாதிரி நாந்தான் பூட்டி வச்சிருக்கணும்."

முதலாளிக்குக் கோபம் வந்தால் வீட்டுத் தெலுங்குக்குப் போய்விடுவார், பாதிப் பேருக்குப் புரியாது. அன்று தமிழிலேயே பேசினார்.

"கோவணம்னு பேரு வச்சா சபையில அவுந்துதானய்யா போவும்."

அறையே சிரித்தது. அதில் உரக்கச் சிரித்தவன் நான். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சிரிப்பு என் காதில் கேட்கிறது. '2' அடித்ததை அறியாமை என்று யாராவது மன்னிக்கலாம். சிரித்ததற்கு என்ன பெயர் சொல்வது?

விருந்தாளிகள் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டு, வேலையை மதுரைக் கம்பெனிக்கே கொடுத்துவிடலாம், அந்த உத்தரவைக் கிழித்துப் போடுங்கள் என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். கதவு சாத்தியிருந்தது, எதிரே ஒரே ஒரு மனிதர். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்து, டிராயரைத் திறந்து, நான்காகக் கிழித்தேன். சுழி சரியாக நடுவில் கிழிந்தது.

மதுரைக்காரர்களின் புரோகிராம் ஒரு பை நிறைய பிளாப்பிகளில் வந்தது. ஒரு ஆர்டர் திறப்பதற்குள் எங்கள் சரக்கு குமாஸ்தா டீ குடித்துவிட்டு, வெற்றிலை போட்டுவிட்டு, அதைத் துப்பிவிட்டும் வருவார். உருண்டை மட்டும் நன்றாகச் சுற்றியது. மூன்றே மாதத்தில் எல்லாரும் பழையபடி போனிலேயே ஆர்டர் எடுக்கத் தொடங்கினோம்.

சேத்தூர்ச் சம்பந்தம் நின்றுபோனது. இதை நான் மடவார் வளாகத்தில் காய்கறி வாங்கும் இடத்தில் கேள்விப்பட்டேன். அதன் பிறகு அவர் மாடி இருந்த தெருப்பக்கமே போகாமல், சுற்றுவழியில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஒருநாள் ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னல் வழியே பார்த்தபோது, எதிரே அந்த மட்கார்டு இல்லாத சைக்கிள் வந்துகொண்டிருந்தது. நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். வாரில் ஒரு குறையும் இல்லை.

அவர் பெங்களூருக்குப் போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார். போகும்முன் எனக்கென்று ஒரு உறையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஓய்வு பெற்ற பிறகும், பல வருஷங்கள், அந்த உறை பீரோவில் பழைய சர்டிபிகேட்டுகளுக்கு அடியில் ஒட்டியபடியே கிடந்தது.

போன மாதம் ஏதோ ஒரு சர்டிபிகேட் தேடப்போய் அது கையில் வந்தது. எண்பதை நெருங்குகிறவனுக்கு இனி என்ன பயம் என்று பிரித்தேன். உள்ளே ஒரே ஒரு தாள். கடிதம் இல்லை. கோவணத்தின் புதுப் பிரதி, பிரிண்டரில் அடித்தது. பழைய பழக்கத்தில் வரிகளை எண்ணினேன். நாற்பத்தொன்று வந்தது. அவருக்குக் கணக்கு தப்பாதே என்று மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்றுதான்.

முதல் வரி மெஷினுக்கானது, அப்படியே இருந்தது. இரண்டாவது வரியில் அந்தக் கம்பிவேலிக் குறி. அதையடுத்து ஒரு '2'. வேறொன்றும் இல்லை. பக்கத்தில் பேனாவால் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார்:

"மேனேஜர் சார், உங்க சுழிக்கு இந்த இடம் தோது. இந்தக் குறி போட்ட வரிய மெசின் படிக்காது. படிக்க வேண்டியவரு படிச்சுக்கிடுவாரு."

தங்கை கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமனுக்கு ஒரு வரி கொடுக்காத மனிதர் அவர்.

பெங்களூரில் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. இதை எழுத உட்கார்ந்தபோது வழக்கம்போலப் பேனா தாளின் தலைக்குத்தான் போனது. நிறுத்தி, ஒரு வரி கீழே இறக்கிச் சுழி போட்டேன். மேலே உள்ள வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். அது அவருடைய இடம்.