விளக்குக்கும் பிரேக்குக்கும் நடுவில்

அன்பு மைத்துனன் மெர்லுக்கு,

சான்டா கிளாராவிலிருந்து அத்தான் ஆர்வில் எழுதுவது. நானும் என் முழங்காலும் தோட்டத்து ஆப்ரிகாட் மரமும் நலம். நெப்ராஸ்காவில் நீயும் ஐலீனும் சோளக்காடும் நலமாயிருக்கப் பிரார்த்திக்கிறேன்.

விஷயம் என்னவென்றால், போன ஞாயிறு ஆர்லீன் வந்து, கார் சாவியைக் கொடு என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டுவிட்டாள். பெத்த மகள். பக்கத்து வீட்டுத் தபால் பெட்டியை நான் இடித்தது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. "பிரேக் போடறதுக்கு உங்க கால் யோசிக்குதுப்பா. அதுக்கு வயசாச்சு" என்றாள். ஆயுசெல்லாம் நேரத்தை அளந்தே சம்பளம் வாங்கியவனிடம் சொல்கிற பேச்சா இது? "யோசிக்குதா இல்லையான்னு அளந்தே பாத்துடுவோம் வா" என்று கராஜுக்குப் போய், கம்பெனி கழித்துப் போட்டபோது நான் தூக்கி வந்த, வினாடியைத் துண்டு துண்டாக எண்ணும் எலெக்ட்ரானிக் கவுன்டரைக் கிளப்பினேன். உன் அக்கா லொரெய்னும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து சோதித்த மாடல், மாப்ளே. சுவிட்சைப் போட்டதும் தூசி கருகிய வாசம். கண்ணாடிக் குழாய்களுக்குள் எண்கள் ஆரஞ்சு நிறத்தில் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. எதற்கு வந்தேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது.

கார் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு வைத்து, அது எரிந்ததும் எண்ணத் தொடங்க ஒரு ஒயர், பிரேக் மிதி இறங்கியதும் நிறுத்த ஒரு ஒயர் என்று இழுத்தேன். ஆர்லீன் விளக்கைப் போட்டாள். நான் மிதிக்கவேயில்லை, அதற்குள் கவுன்டர் நின்றுவிட்டது. "காலை அசைக்காமயே பிரேக் போட்டுட்டீங்க. பெரிய ஆளுதான்" என்றாள். விளக்கின் துடிப்பு பக்கத்து ஒயருக்குத் தாவி, மிதித்தாயிற்று என்று கவுன்டரை ஏமாற்றியிருக்கிறது. லொரெய்ன் உயிரோடு இருந்திருந்தால், "மொதல்ல எண்ணத் தொடங்கற ஒயர், நிறுத்தற ஒயர் ரெண்டுக்கும் ஒரே சிக்னலைக் குடுங்க, பூஜ்யம் காட்டுதா பாருங்க, அப்பறமா வீரத்தைக் காட்டுங்க" என்றிருப்பாள். அப்படியே செய்தேன். ஒயர்களைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். சின்னத் துடிப்புக்கெல்லாம் மசியாதபடி கவுன்டரின் குமிழைத் திருகி ஏற்றி வைத்தேன். பல தடவை மிதித்துச் சராசரி எடுத்தேன். முக்கால் வினாடிகூட இல்லை. "இப்ப நீ உக்காரு" என்றேன். உட்கார்ந்தவள், "அதெல்லாம் சரிதாம்பா, ஆனா எம்பது தாண்டின மனுஷன்..." என்று ஆரம்பிக்க, நான் விளக்கைப் போட்டேன். வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் மிதித்தாள், மாப்ளே. கவுன்டர் இரண்டு வினாடியைத் தாண்டிவிட்டது. கவுன்டரில் எண்களைப் பார்த்தவள், சாவியை என் சட்டைப்பையில் போட்டு, "அம்மா பக்கத்துல உக்காந்து சிரிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

ஆகவே அறுவடை விருந்துக்கு நானே வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறேன். வேண்டாம் என்று எழுதித் தபால்தலையை வீணாக்காதே.

கர்த்தர் உங்களையும் உங்கள் சோளத்தையும் ஆலங்கட்டியிலிருந்து காக்கட்டும்.

அன்புடன்,
அத்தான் ஆர்வில்

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். ஒரு சிவப்பு விளக்கைக்கூடத் தவறவிடவில்லை, பிரேக் கச்சிதம். வண்டியை நிறுத்திப் பார்த்தால் எங்கள் பழைய தொழிற்சாலை வாசல். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். ஷிப்ட் முடிந்து லொரெய்ன் வெளியே வருவாள் என்று, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்திருக்கிறேன். காவலாள் குனிந்து, "யாருக்காகப் பெரியவரே நிக்கறீங்க?" என்று கேட்டான். பெயரைச் சொன்னேன். பாவம், குடியிருப்போர் பட்டியலில் தேடிப் பார்த்தான். சாவியை ஆர்லீனிடம் நானே கொடுத்துவிட்டேன். ரயிலில் வருகிறேன், ஸ்டேஷனுக்கு வந்துவிடு.