தண்ணீர் ஸ்கூட்டர் இரண்டு, லான்ட்மாஸ்டர் பெட்டி ஒன்று

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்புக்கும் அன்புக்குமுரிய மருமகன் கிருசாந்தன் அவர்கட்கு,

மாமா யோகலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாமியும் மூன்று மாடுகளும் சுகம். சுவிஸில் நீங்களும் மகள் வினோஜாவும் சுகமாயிருக்கப் பிரார்த்திக்கிறோம். நீங்கள் கப்பலில் அனுப்பிய இரண்டு தண்ணீர் ஸ்கூட்டர்களும் சுகம். ஆனால் அவை எங்கள் வீட்டிலும் இல்லை, போகவேண்டிய முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணீரூற்று ஊரிலும் இல்லை. பதற வேண்டாம். அந்த வேலையை நான் இங்கே முழுநேரமாகச் செய்துகொண்டிருக்கிறேன். இதை வீடியோவில் சொன்னால் என் முகத்தைப் பார்த்தே மகள் அழத் தொடங்கிவிடுவாள். ஆதலால்தான் கடிதம்.

முல்லைத்தீவுக் கடலில் உல்லாசப் பயணிகளுக்கு இவற்றை ஓடவிடப்போகிறீர்கள், தொழில் சரிவந்தால் குடும்பத்தோடு இங்கேயே வந்துவிடுவீர்கள் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து மாமி முன்னறைக்கு இரண்டு தரம் பெயின்ற் அடித்துவிட்டா. ஸ்கூட்டரில் ஒரு கீறல் விழுந்தாலும் அது மகள் வருகிற வழியில் விழுந்த கீறல் என்றே நான் கவனமாக இருந்தேன். லொறிக்காரரோ, “ஐயா, பேப்பரிலை உங்கட விலாசம்தான் கிடக்கு” என்று இரண்டையும் எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

எங்களிடம் இருப்பது இரண்டு சில்லு உழவு மெசினுக்குப் பின்னால் நெல் மூட்டை ஏற்றி இழுக்கும் லான்ட்மாஸ்டர் பெட்டி. ஏழடி நீளம், நாலடி அகலம். உங்கள் ஸ்கூட்டர் ஒவ்வொன்றும் பத்தரை அடி நீளம், நாலடி அகலம். முல்லைத்தீவிலிருந்து வந்து இங்கே வெல்டிங் கடை வைத்திருக்கும் மெல்ரொனைக் கூப்பிட்டேன். கடற்கரைப் பிள்ளை, விசயம் தெரிந்தவர் என்ற நம்பிக்கை.

“பயப்பிடாதேங்கோ அண்ணை, இது எங்கட போட் மாதிரித்தான்.”

“போட்டை எத்தினை தரம் பெட்டியிலை ஏத்தியிருக்கிறீர்?”

“ஏத்தினதில்லை. நாங்கள் கடலிலைதானே விடுறனாங்கள்.”

பக்கப் பலகைகளைக் கழற்றி, இழுவைக் கம்பியை மூன்றடி நீட்டி, குழாய்களை ஒட்டி, பெட்டிக்கு ஒரு மாடி கட்டினார். ஒரு ஸ்கூட்டர் கீழே, ஒன்று மேலே. கீறல் விழாதிருக்க மெத்தை வேண்டுமென்றார். நீங்கள் இருவரும் வந்து படுக்க வாங்கிய மெத்தையை வெட்டிக் கொடுத்தேன். மாமிக்கு இன்னும் தெரியாது. மூன்றாந்தரம் நான் அடித்த பெயின்ற் காயவில்லை என்று அறையைப் பூட்டிவைத்திருக்கிறேன். முதல் ஓட்டத்தில் பாரம் பின்னுக்குப் போய்ப் பெட்டியின் மூக்கு என்னோடு சேர்ந்து மேலே கிளம்பியது. “அண்ணை, இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இருங்கோ!” என்று கத்தினார் மெல்ரொன். “இருக்கிற இடமே மேலை வந்திட்டுதடாப்பா!” என்றேன். பிறகு பாரத்தை முன்னுக்குத் தள்ளிக் கட்டினோம். மேல்மாடி ஸ்கூட்டரின் முகம் என் தலைக்கு மேல் குடைபோல நின்றது. வெயிலில் நிறம் போகுமென்று இரண்டையும் புது வெள்ளை வேட்டியால் சுற்றினோம். விபூதி பூசி, சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்து, காலை எட்டு மணிக்குப் புறப்பட்டேன்.

இனித்தான் என் பிழை. எங்கள் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்தில் செய்வித்த இரண்டு புது வாகனங்கள் அன்று காலை வருவதாக ஊருக்கே தெரியும். இரண்டு கிழமையாக வெல்டிங் கடையில் கிடந்த எனக்குத் தெரியாது. ஒழுங்கை முடக்கில் அயல்வீட்டு அமராவதி நிறைகுடம் வைத்துக் காத்திருந்தா. பெட்டியை மறித்துக் கற்பூரம் காட்டி, ஸ்கூட்டரின் மூக்குக்கு மாலை போட்டா. நான் வாயைத் திறந்தேன். “யோகலிங்கண்ணை, உங்கட பெட்டிக்குக் கிடைச்ச பாக்கியத்தைப் பாருங்கோவன்!” என்று கண் கலங்கினா. அழுகிற மனிசியிடம் எதைச் சொல்வது? அடுத்த வீட்டில் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த வீட்டில் மேளம் நின்றது.

ஏழு வீட்டுப் படலையில் ஏழு தேங்காய் உடைந்தபின் கோயிலை அடைந்தோம். கோயில் தலைவர் முத்துலிங்கம் ஸ்கூட்டர்களில் சுற்றிய வேட்டியை உருவினார். தவில் பாதியில் நின்றது.

“இது... என்ன வாகனம்?”

“மருமகன் அனுப்பினது,” என்றேன். உங்கள் உபயம் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஐயர் இரண்டு தரம் சுற்றி வந்தார். “மகரம். வாயும் வாலும் சரியாத்தான் கிடக்கு.”

“ரெண்டும் ஒரே மாதிரிக் கிடக்கே ஐயா?” என்றா அமராவதி.

“சோடி.”

அன்று பின்னேரம் யாழ்ப்பாணத்து ஆசாரியார் போன் எடுத்து, மயிலும் எலியும் இந்தத் திருவிழாவுக்கு முடிந்து வராது என்றாராம். முத்துலிங்கம், “பாத்தீங்களே, பிள்ளையார் தன்ரை அலுவலைத் தானே பாத்திட்டார்” என்றார். மறுநாள் இரண்டுக்கும் கறுப்பும் வெள்ளையுமாகக் கண் எழுதிக் கண்திறப்பும் நடந்தது. கழுவினால் போகுமா என்று மெதுவாகக் கேட்டேன். “திறந்த கண்ணைக் கழுவுறதோ?” என்று ஐயர் கேட்டதில் நான் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஆகவே மருமகன், உங்களை நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் இங்கே வர எடுத்த பிளேன் ரிக்கற்றை ஒரு மாதம் பிற்போடுங்கள். லீவு கிடைக்கவில்லை என்று மகளிடம் சொல்லுங்கள். திருவிழா முடிந்ததும் எப்படியாவது இரண்டையும் வாகனசாலையிலிருந்து மீட்டு, கண்களை அழித்து, தண்ணீரூற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். ஆனால் இந்தக் கோலத்தில் அவற்றைக் கண்டு, இந்த ஊரில் தொழில் சரிவராது என்று நீங்கள் திரும்பிப் போய்விடக் கூடாது. மாமி தாங்கமாட்டா. நானும்தான்.

தற்சமயம் உங்கள் வாகனத்தில் எழுந்தருளியிருக்கும் பிள்ளையார் உங்கள் இருவருக்கும் சகல சுகமும் தந்து காப்பாராக.

இப்படிக்கு,
அன்பு மாமா
யோகலிங்கம்

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும்போது முத்துலிங்கம் வந்துவிட்டார். தீர்த்தத்தன்று சுவாமி மகர வாகனத்தில் குளத்தைச் சுற்றி வருவார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தாயிற்றாம். அதை ஓடவைக்க இந்த மாவட்டத்தில் ஆள் இல்லை. உபயகாரர்தான் வந்து ஓடவேண்டுமாம். இனி ஒவ்வொரு வருடமும் குடும்பத்தோடு நிற்கவேண்டுமாம். “ஒவ்வொரு வருசமுமோ?” என்று மாமி இரண்டு தரம் கேட்டா. “ஓம், அதுதானே முறை” என்றார் அவர். அவருக்கு இரண்டாந்தரமும் தேத்தண்ணி கிடைத்தது. தபால் பிந்தும் என்று மாமி இதைப் படம்பிடித்து மகளுக்கு அனுப்பப்போகிறா. ஆகவே மேலே நான் எழுதிய எதையும் வாசிக்காமல் நேரே இந்த வரிக்கு வந்து, ரிக்கற்றை முற்போட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.