சில்லு வைத்த பெஞ்ச்

இன்னாசித்தம்பி சீவுளியை ஒரு தள்ளுத் தள்ளினார். பலகை சீவுப்படவில்லை, பெஞ்ச் நகர்ந்தது. இரண்டாவது தள்ளில் அது கராஜைத் தாண்டியது. மூன்றாவது தள்ளில் சீவுளி, பலகை, பெஞ்ச், இன்னாசித்தம்பி எல்லாமாகக் குசினி வாசலில் போய் நின்றன.

"கறிக்கு உப்புப் பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டார் மனைவி கத்தரினா.

"இது நகரும் வேர்க்-பெஞ்ச். நகரத்தான் செய்யும்."

"நகருறது நல்லம். வாசக மேடை எப்ப?"

அந்தக் கேள்விதான் மூன்று மாதமாக அவரைத் துரத்திக்கொண்டிருந்தது. ஊர்ச் சூசையப்பர் கோயிலின் பழைய தேக்குக் கதவைக் கழற்றியபோது, அந்த மரத்திலேயே பைபிளை விரித்து வைத்து, நின்று வாசிக்க ஒரு மேடை செய்யலாம் என்று ஃபாதர் சொன்னார். பக்கத்து வண்ணாத்திவில்லு ஊர்த் தச்சர் ஒருவர் இரண்டு நாளில் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். பூசை முடிந்த கையோடு இன்னாசித்தம்பி எழுந்து நின்றார்.

"கூலிக்கு அடிக்கிறது வேற, கலையாச் செய்யிறது வேற. பெருநாளுக்கு முதல் நான் செய்து தாறன்."

ஓய்வுபெற்ற உதவிக் கல்விப் பணிப்பாளர் சொன்னால் ஊர் கைதட்டாமல் என்ன செய்யும்? தாத்தா காலத்திலிருந்து எல்லாரும் தொட்டுக் கும்பிட்ட கதவு அவர் கராஜில் வந்து இறங்கியது.

ஆனால் முப்பது வருடம் சுற்றுநிருபம் எழுதிய மனிதர் எடுத்த எடுப்பில் வேலையைத் தொடங்குவாரா?

"உட்கட்டமைப்பு இல்லாம அபிவிருத்தி இல்ல. முதல்ல பெஞ்ச், பிறகு மேடை" என்றார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் சில்லு வைத்த பெஞ்சைக் கராஜுக்கும் முற்றத்துக்குமாக உருட்டித் திரிவதை ஃபோனில் பார்த்ததிலிருந்து, சில்லில்லாத பெஞ்ச் அவருக்குப் பெஞ்சாகவே தெரியவில்லை. கதவிலிருந்து இரண்டே இரண்டு பலகை எடுத்தார். பிரியாவிடைக்குக் கிடைத்த அலுவலகக் கதிரையைக் கவிழ்த்துச் சில்லுகளைப் பிடுங்கினார்.

சீமெந்துத் தரையில் ஓடிய பெஞ்ச் மண்ணில் ஓடாது என்று கணித்து, அதை முற்றத்தில் இறக்கினார். கணிப்புச் சரிதான். ஓடவில்லை. பக்கத்து வீட்டு லோறன்ஸ் கிழிந்த வலை பொத்துவதை விட்டுவிட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"சேர், சில்லு வச்ச பெஞ்ச் எண்டீங்க. சில்லு எங்க?"

"கீழ."

"எவ்வளவு கீழ?"

லோறன்ஸுக்கு ஒரு மண்வெட்டியும் அரை மணித்தியாலமும் தேவைப்பட்டன. "கடற்கரை மண்ணில கதிரைச் சில்லு உருளுமா சேர்? எங்கட வள்ள இஞ்சின் தள்ளுற வண்டிச் சில்லு ரெண்டு சும்மா கிடக்கு. கொண்டு வரட்டா?"

வண்டிச் சில்லுகள் பானை பருமன். அவற்றை ஒரு பக்கம் பூட்டி, மறு பக்கம் வெறும் காலாக விட்டார். தூக்கித் தள்ளினால் மண்ணில் வள்ளம்போலப் போனது. நிறுத்தியதும் சில்லுப் பக்கம் உயர்ந்து, கால் பக்கம் சரிந்து, மேலே வைத்த சீவுளி வழுக்கி அவர் பெருவிரலில் விழுந்தது.

கதவுத் துண்டொன்றை அடித்துப் பெஞ்சின் காலை உயர்த்தினார். ஃபோனில் மட்டம் பார்த்துத்தான் உயர்த்தினார். ஆனால் பார்த்தது முற்றத்தில். முற்றம் கடலை நோக்கிச் சரிவு. கராஜுக்குள் கொண்டு வந்ததும் பெஞ்ச் எதிர்ப் பக்கம் சரிந்தது.

"கூடின காலைக் கொஞ்சம் வெட்டுங்களேன்" என்றார் கத்தரினா.

"கோயில் மரத்தை வெட்டி எறியச் சொல்றியா? பாவம்!"

ஆகவே சில்லுப் பக்கத்தை உயர்த்தினார். அது கூடிப்போனது. பிறகு கால் பக்கத்தை உயர்த்தினார். அது போதாமல் போனது. வெட்டுவது பாவம் என்பதால் பெஞ்ச் வளர மட்டுமே செய்தது. இடுப்பளவில் தொடங்கியது, நெஞ்சளவுக்கு வந்தது. சரிவு மட்டும் போகவில்லை. வைத்ததெல்லாம் வழுக்கி விழுந்ததால் சரிந்த ஓரத்தில் ஒரு சட்டம் அடித்தார். இத்தனை உயரத்துக்கு ஆடத் தொடங்கியதால், முன்பக்கம் நெடுக்காக ஒரு சட்டமும் அதன் மேற்பாதியில் குறுக்காக ஒரு சட்டமும் அடித்தார். ஆட்டம் நின்றது. ஆனால் சீவுவதற்குச் சோடாப் பெட்டியில் ஏறி நிற்க வேண்டியிருந்தது.

ஏறி நின்று, "இப்பத்தான் பெஞ்ச் பூரணம்" என்று அறிவித்தார். "இனி மேடை வேலையைத் தொடங்கலாம். மரத்தை எடு."

கத்தரினா கராஜ் மூலையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"எந்த மரத்தை?"

மூலையில் ஒரு சாண் தேக்கு கிடந்தது. கோயில் கதவின் பூட்டுத் துவாரம் அதில் இருந்தது. அதன் வழியாக இன்னாசித்தம்பியால் தன் எதிர்காலத்தைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

"விடிஞ்சாப் பெருநாள்" என்றார் கத்தரினா. "ஊர்க் கதவை முழுசா முடிச்சிட்டீங்க. இனி எந்த முகத்தோட பூசைக்குப் போறது?"

"ஒரு விளக்கவுரை தயாரிக்கிறன்."

மூன்று பக்கம் எழுதினார். 'தாமதத்துக்கு ஏதுவான காரணிகள்' என்று தலைப்பிட்டு அடிக்கோடும் போட்டார். மூன்றாம் பக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது வாசற் படலை திறந்தது. ஃபாதரும் லோறன்ஸும் வந்தார்கள்.

"சேர், நாளைக்குப் பூசை கடற்கரையில, வள்ளங்களுக்கு முன்னால" என்றபடி ஃபாதர் நேரே கராஜுக்குள் நுழைந்தார். "எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது ஃபாதர்" என்றார் கத்தரினா. "ஒரு சாண்தான் மிச்சம்."

இன்னாசித்தம்பி தாளை விரித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் எழுதியதை அவரால் வாசிக்க முடியவில்லை. "ஃபாதர், அந்தக் கதவு... நான் ஊருக்கு..."

ஃபாதர் கையை உயர்த்தினார். பெஞ்சைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முன்பக்கத்துச் சட்டங்களைக் கண்டதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பின்பக்கம் வந்து தன் செபப் புத்தகத்தை மேலே வைத்தார். அது மெல்ல வழுக்கி, சட்டத்தில் பட்டு, விரித்தபடி நின்றது. பிறகு பெஞ்சின் கால் பக்கத்தைத் தூக்கி, மணல் முற்றத்துக்கு ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு போனார். லோறன்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பினார்.

முற்றத்து நடுவில் நின்று ஃபாதர் கண் கலங்கச் சிரித்தார்.

"கடற்கரைக்கு உருட்டிக்கொண்டு போகச் சில்லுகூட வச்சிருக்கீங்களே, மேடையெண்டா இதுதான் சேர் மேடை! எங்க, இதைச் செய்யிறதுக்கெண்டு மூணு மாசமா ஒரு பெஞ்ச் செஞ்சீங்களாமே, அதையும் ஒருக்காக் காட்டுங்களேன்."