மாப்பிள்ளையின் நாய்க்கு முதுகில் கட்டி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் மரியாதையுடன் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நாயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உயிரோடு இருக்கிறான். இனி உட்கார்ந்து படியுங்கள். என் மகளிடம் நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

வேலை மாற்றலாகிப் போகும்போது "ஒரு வயசுகூட ஆகல, ரொம்ப சாது மாமா" என்று விட்டுவிட்டுப் போனீர்களே, அந்தத் துரை (நான் வைத்த பேர்; சோபாவை விட்டு இறங்குவதில்லை) போன மாதம் பின்னங்காலை இழுக்க ஆரம்பித்தான். நடிக்கிறான் என்றேன். தரை வழுக்குகிறது என்று உங்கள் அத்தை வீடு முழுக்கப் பாய் விரித்தாள். தடுக்கி விழுந்தது நான். பக்கத்துத் தெரு டாக்டர் சுளுக்கு என்று மாத்திரை கொடுத்தார், நாலு நாள் துள்ளினான், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான், நின்னா இடுப்பு ஆடுது, உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினேன். அங்கே ஒரு டாக்டரம்மா அவன் பின்பாதத்தைத் தரையில கவிழ்த்து வெச்சாங்க. மத்த நாய்னா உடனே நிமிர்த்திக்குமாம். இவன் அப்படியே நின்னு என்னையே பார்க்கறான். "கால்ல ஒண்ணுமில்ல சார், கோளாறு முதுகுல"ன்னாங்க. எக்ஸ்ரேயில எலும்பெல்லாம் சுத்தம். ஸ்கேன் எடுத்தா, விலா முடியற இடத்துல, தண்டுவடத்தை நெருக்கிக்கிட்டுப் பட்டாணி மாதிரி ஒரு கட்டி! "இந்த வயசுலயா?"ன்னேன். "இது இளசுக்குத்தான் வரும். அபூர்வம், அதனால யாருக்கும் சட்டுனு தோணாது. ஆபரேஷன் பண்ணலாம், ஆனா நடப்பான்னு சத்தியம் பண்ண மாட்டேன்"னாங்க. உங்களைக் கேட்கலாம்னு போன் போட்டேன். மகள் குரலைக் கேட்டதும் "சாப்பிட்டியாம்மா"ன்னு மட்டும் கேட்டு வெச்சுட்டேன். பண்ணுங்கன்னு நானே சொல்லிட்டேன். நாய்க்கு நீங்க என்ன உறவுன்னு நர்ஸ் கேட்டாங்க. பதட்டத்துல "மாமனார்"னுட்டேன். அவங்க எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாங்க.

ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் டாக்டரம்மா அவன் பின்னங்கால் விரலைக் கிள்ளினாங்க. துரை திரும்பி என் கையைக் கடிச்சான். "உணர்ச்சி வந்துடுச்சு!"ன்னு அவங்க கைதட்டறாங்க. எனக்கும்தான் வந்தது. கண்ணுல தண்ணி வந்தது கடிபட்ட வலியாலன்னு உங்க அத்தைகிட்ட சொல்லியிருக்கேன். கட்டியை முழுசா எடுத்துட்டாங்களாம். திரும்பி வருதான்னு மட்டும் அப்பப்போ பார்த்துக்கணுமாம்.

இப்போது ஆடி ஆடித்தான் நடக்கிறான், ஆனால் என் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடும் அளவுக்குத் தேறிவிட்டான். ஆகவே மாப்பிள்ளை, எனக்கு வயதாகிவிட்டது, கடியும் பட்டாகிவிட்டது. தயவுசெய்து இந்த வாரமே வந்து அழைத்துப் போகவும். நீங்கள் இருவரும் சகல நலன்களோடும், குறிப்பாக நல்ல முதுகெலும்போடும் வாழ ஆசீர்வதிக்கும்,

மாமனார்

பி.கு.: துரை தாராளமாகப் பயணம் செய்யலாம் என்று டாக்டரம்மா சொல்கிறார். டாக்டர்கள் ஆயிரம் சொல்வார்கள். நீங்கள் வாருங்கள், பத்து நாள் தங்குங்கள். அவனை ஏற்றிப்போகக் கூண்டு மட்டும் கொண்டுவர வேண்டாம்.