ஆலங்குடிக்கு ரயில் விட்டவர்

புதுக்கோட்டைச் சீமையில் சிந்திய கண்ணீரில் பாதி சிந்துக்காரரால் சிந்தியது. மீதிக்கு வெங்காயம் பொறுப்பு. சந்தைக்குச் சந்தை டேப் என்கிற தோல்பறையைத் தட்டி, தானே கட்டிய சிந்துப் பாட்டைப் பாடி, அதை எட்டுப் பக்கப் புத்தகமாக விற்பார். அந்தப் புத்தகங்களுக்கு எழுத்துக் கோத்த அச்சாபீஸ்காரன் நான்.

அவருடைய சரக்கு நாலே நாலு. பெண்டாட்டி ஓட வேண்டும், காளை சாக வேண்டும், ஆத்தா முகத்தைப் பார்க்காமல் மகன் ரயிலேற வேண்டும், மிச்சமிருப்பவன் குடிக்க வேண்டும். சமஸ்தானம் போய் மதுவிலக்கு வந்த புதிதில் இடிந்துபோனார்.

"கடைய மூடிப்புட்டாங்களே, இனிமே எம் பாட்டுல உள்ளவன் சோகத்துக்கு எங்கிட்டுங்க போவான்?"

அவனை மோர் குடிக்க வைக்கச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நாலிலும் அதிகம் விலைபோனது ஓடிப்போன பெண்டாட்டிதான்.

"ஆலங்குடி விட்டு அவ ரயிலேறிப் போனாளே,
ஆக்கிவச்ச கஞ்சிகூட ஆறலையே அடியாத்தி!"

"ஆலங்குடிக்கு ஏதுங்க ரயிலு?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுல போனா திரும்பி வந்துருவான்னு சனம் நெனைக்குமுங்க. ரயில்னாத்தான் அழுகும்."

கடைசி அடியில் பாட்டுக் கட்டியவர் தன் பெயரையும் ஊரையும் வைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். இவரும் வைத்தார். ஆகவே ஓடியவள் இவருடைய பெண்டாட்டியேதான் என்று சனம் தீர்ப்பெழுதிவிட்டது. சந்தைக்கு வந்த பெண்கள், "பாவி மனுசா, சாப்பிட்டியா?" என்று இட்லி வாங்கித் தருவார்கள். அதையும் தின்றுவிட்டு, வீட்டுக்குப் போய் ஓடாத பெண்டாட்டி வைத்த மீன்குழம்பையும் ஒரு கை பார்ப்பார்.

ஒருநாள் அந்த அம்மாளே அச்சாபீஸுக்கு வந்துவிட்டாள்.

"நான் எங்கிட்டுங்க ஓடுனேன்? கல்யாண வயசுல பொண்ணு இருக்கு. கடைசி அடியில இவுக பேரை மட்டுமாவது எடுத்துருங்களேன்."

ஐந்து நிமிஷ வேலை. பக்கத்தில் நின்ற சிந்துக்காரர், "பேரை எடுத்தா பாட்டு செத்துரும் புள்ள" என்றார். நான் சிரித்தேன். சிரித்த என் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும்.

கீரனூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் தட்டோடு அந்தப் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். "ஓடிப்போனவ மகதானே இது?" என்றாள் மாப்பிள்ளையின் தாய். தண்ணீர்ச் செம்போடு நின்ற அம்மாள், "அது வெறும் பாட்டுங்க. நான் இங்கதானே நிக்கிறேன்" என்றாள்.

மாப்பிள்ளையின் தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓகோ, திரும்பி வந்துட்டியாக்கும்?"

தட்டு வந்த வேகத்தில் கீரனூருக்குத் திரும்பியது. மறுநாள் அம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு அறந்தாங்கியில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ்ஸில்தான் போனாள். சனம் நினைத்தது தப்பு, திரும்பி வரவில்லை.

சிந்துக்காரர் அறந்தாங்கிக்கு ஓடினார். அவள் கதவைக்கூடத் திறக்கவில்லை. "எந்தெந்தச் சந்தையில என்னைய ஓட விட்டீங்களோ, அங்கெல்லாம் போயி நான் ஓடலைன்னு பாடுங்க. அப்பறம் வாங்க" என்று உள்ளிருந்தே சொன்னாளாம்.

புதுப் பாட்டோடு என்னிடம் வந்தார். அதில் பெண்டாட்டி தண்ணீர் எடுக்கிறாள், சோறாக்குகிறாள், புருஷனை ஏசுகிறாள். காளை நன்றாகப் புல் தின்கிறது. ரயில் இல்லை. அச்சடித்துக் கொடுத்தேன்.

சந்தையில் பாடினார். "பழசை எடுத்து விடுங்கண்ணே!" என்று கத்தினார்கள். பாவம், பெண்டாட்டி ஓடினதில் புத்தி பிசகிவிட்டது என்று இட்லி வாங்கித் தந்தார்கள். அந்த இட்லியை அவர் தொடவில்லை. பழைய பாட்டையும் தொடவில்லை. பொய்க்கு மாலை போட்ட அதே சனம், நிஜத்தைச் சொன்னவனைப் பைத்தியம் என்றது. இடையில் மகளுக்கு வேறிடத்தில் கல்யாணம் முடிந்தது. அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. சந்தையில் யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டார். கேட்டுவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு அடுத்த சந்தைக்குப் போனார்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு அச்சாபீஸில் இருப்புக் கொள்ளவில்லை. போட்டது போட்டபடி திருமயம் சந்தைக்குப் போனேன். அவரைச் சுற்றி ஈ காக்கை இல்லை. எதிரே போய் நின்றேன். என்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் அடியிலிருந்து ஆரம்பித்தார். அழ ஓர் இடம்கூட இல்லாத பாட்டு, சகிக்கவே இல்லை. பாடி முடித்ததும், இன்னொரு தரம் பாடச் சொன்னேன்.