ஆறு வோல்ட் எலிசபெத்தும் முதல் வகுப்பு டிப்ளமோவும்

கல்யாணத்தன்று சர்ச் வாசலில் வந்து இறங்கும் மணப்பெண்கள் கொஞ்சம் அழுவார்கள், கொஞ்சம் பயப்படுவார்கள். என் பெரியப்பா மகள் ஜெசி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இறங்கினாள். அதற்குக் காரணம் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் மின் பொறியியலில் டிப்ளமோ படித்தவள், அதுவும் முதல் வகுப்பில் தேறியவள். (அந்தச் சான்றிதழ் இன்றும் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போய், ஒரு கம்பெனியில் யூபிஎஸ் பழுது பார்த்துவிட்டு வீடு திரும்புவேன். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டு இன்வெர்ட்டரைப் பற்றிச் சந்தேகம் கேட்பார்கள். நான் பதில் சொல்வேன். இப்படி ஒரு வருஷம் பதில் சொன்னதில், உலகத்தில் மின்சாரம் ஓடுகிற எல்லாமே எனக்குக் கட்டுப்பட்டது என்ற எண்ணம் வந்துவிட்டது.

ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் இருக்கும் என் பெரியப்பா, மைன்ஸில், அதாவது தங்கச் சுரங்கத்தில், டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு கறுப்பு கார் உண்டு. மைன்ஸ் அதிகாரி ஒருவர் வெளிநாட்டுக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன அறுபது வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ் கார். பெயர் எலிசபெத். பெரியம்மாவைக்கூட அவர் இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எலிசபெத்தின் சிக்கல் அவளுடைய ஆறு வோல்ட் பேட்டரி. காலைக் குளிரில் ஸ்டார்ட்டர் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிவிடும். அப்புறம் தெருவே வந்து தள்ள வேண்டும். பேட்டரி செத்துப்போனால் வேறு ஒன்று தேடி ஊர் ஊராக அலைய வேண்டும்.

ஜெசிக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் பிரச்சினை முற்றியது. மாப்பிள்ளை கோலார். அவருடைய அம்மா அங்கே ஒரு பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸ். எல்லோரும் டீச்சரம்மா என்றுதான் சொல்வார்கள். வாய் திறந்து அவர் எதையும் மறுக்கவில்லை, ஆனால் இந்தச் சம்பந்தத்தில் அவருக்கு அரை மனசுதான் என்று எல்லோருக்கும் தெரியும். ராபர்ட்சன்பேட்டை சர்ச்சில் பத்து மணிக்குக் கல்யாணம். அதே சர்ச்சில் பதினொன்றரைக்கு இன்னொரு கல்யாணம் என்பதால் தாமதத்துக்கே இடமில்லை.

"பொண்ணுக்கு நான் ஏசி கார் அனுப்பிடறேன். உங்க வண்டி நடுவுல நின்னா நல்லா இருக்காது" என்றார் டீச்சரம்மா.

பெரியப்பாவின் முகம் சுருங்கிப்போனது. ஜெசி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது எலிசபெத்தில்தான். அதே வண்டியில்தான் அவளைச் சர்ச்சுக்கு அழைத்துப் போவது என்று இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

"பெரியப்பா, பன்னெண்டு வோல்ட்டுக்கு மாத்திடலாம். ரெண்டு ஞாயித்துக்கிழமை போதும்" என்றேன்.

"மாத்து ரூபி. ஆனா ஹார்னு, வைப்பரு, பெட்ரோல் முள்ளு, கை, இத்தயெல்லாம் கழட்டக் கூடாது. அதெல்லாம் அவளோட பொறந்தது. புதுசு வெச்சா அது வேற வண்டிம்மா."

'கை' என்பது அந்தக் கால வண்டிகளின் சிக்னல். கதவுக்குப் பக்கத்துத் தூணுக்குள் மடிந்திருக்கும் ஒரு ஜாண் நீளத் தகடு. சுவிட்சைப் போட்டால் உள்ளே விளக்கு எரிய, டிராஃபிக் போலீஸ்காரர் கை நீட்டுவதுபோல மெதுவாக வெளியே நீளும்.

பேட்டரி, டைனமோ, காயில், பல்புகள் எல்லாவற்றையும் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றினேன். மிச்சமிருந்தவை அந்தக் கூடப் பிறந்த நாலு பொருள்கள். அவற்றுக்கு ஆறு வோல்ட்தான் போக வேண்டும். நடுவில் ஒரு ரெசிஸ்டன்ஸ் வைத்தால் மீதி ஆறு வோல்ட்டை அது பிடித்துக்கொள்ளும். கரண்ட் அடுப்பின் கம்பிச் சுருளை வெட்டி, துண்டுகளைப் பீங்கான் தட்டில் வரிசையாகப் பொருத்தி, முன் சீட்டுக்காரரின் காலடியில் முடுக்கினேன். நாலு பொருளுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று.

பிறகு வைப்பரை ஓடவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி, ஹார்னை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மீட்டரை வைத்து அளந்தேன். மிகச் சரியாக ஆறு வோல்ட். தெருவில் கூடியவர்கள் கை தட்டினார்கள். நான் தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

என் தவறு எங்கே என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த ரெசிஸ்டன்ஸ், யார் வந்தாலும் ஒரே கட்டணம் வாங்கும் டோல்கேட் மாதிரி எப்போதும் ஆறு வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டேன். அது அப்படியில்லை. நிறைய கரண்ட் போனால் நிறையப் பிடிக்கும். கொஞ்சம் போனால் கொஞ்சம்தான் பிடிக்கும். நாலும் ஒன்றாக ஓடினால்தான் ஆறு வோல்ட். பெட்ரோல் முள் மட்டும் தனியாக இருந்தால் பன்னிரண்டும் அதன் தலையில்தான் இறங்கும். டிப்ளமோவில் இது முதல் பாடம். முதல் பாடம் என்பதாலேயே மறந்துவிட்டேன்.

அடுத்த சில நாள் பெரியப்பா எலிசபெத்தை நிறுத்தவே இல்லை. சாவியைத் திருப்பினால் அவள் சிலிர்த்துக்கொண்டு எழுந்தாள். ஆண்டர்சன்பேட்டை, பங்காருப்பேட்டை என்று சொந்தக்காரர் வீடெல்லாம் போய் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். கையையும் ஹார்னையும் மட்டும் கல்யாணத்தன்றுதான் போடுவேன் என்று தொடாமல் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா ரூபி இது, எவ்ளோ ஓட்டினாலும் முள்ளு ஃபுல்லுலயே நிக்குது?"

"பன்னெண்டு வோல்ட்டுல ஸ்பார்க் நல்லா விழும் பெரியப்பா. பெட்ரோல் சுத்தமா எரியும். மைலேஜ் ஏறத்தான் செய்யும்" என்றேன்.

(இந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறும் வசதி இருந்தால் இன்றும் விண்ணப்பிப்பேன்.)

கல்யாணத்தன்று ஒன்பதேகாலுக்குக் கிளம்பினோம். பெரியப்பா கோட்டுப் போட்டு ஓட்டினார். பின்சீட்டில் வெள்ளைப் புடவையும் முக்காடுமாக ஜெசி, பக்கத்தில் பெரியம்மா. முன்னால் பட்டுப்புடவையில் நான், காலடியில் என் கண்டுபிடிப்பு.

முதல் திருப்பத்தில் பெரியப்பா இடது கைக்குச் சுவிட்ச் போட்டார். மெதுவாக நீள வேண்டிய கை, கன்னத்தில் அறைவதுபோலப் படீரென்று பாய்ந்தது. அலங்காரத்துக்காக அந்தத் தூணில் கட்டியிருந்த ரோஜாக் கொத்து பறந்துபோய், ஓரத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா மடியில் விழுந்தது.

"இன்னாம்மா, எங்கிட்டயே பூ விக்கிறியா?" என்று அந்தம்மா சத்தம் போட்டார்.

பெரியப்பா பதறிப்போய் ஹார்னை அமுக்கினார். கிழட்டு ஆடு மாதிரிக் கத்திக்கொண்டிருந்த ஹார்ன், ரயில் இன்ஜின் மாதிரி அலறியது. பெரியம்மா "யேசப்பா!" என்று நெஞ்சில் கை வைத்தார்.

"பவர் ஜாஸ்தி ஆயிருக்கு, அவ்ளோதான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

தங்கம் பிரித்தெடுத்த பிறகு மைன்ஸ் கொட்டிவைத்த சயனைடு மண் மேடுகளைத் தாண்டி ஏற்றத்தில் போகும்போது எலிசபெத் இரண்டு முறை விக்கினாள். மூன்றாவது விக்கலில் நின்றுவிட்டாள்.

மணி ஒன்பதரை. ஸ்டார்ட்டர் அருமையாகச் சுற்றியது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பெட்ரோல் முள் ஃபுல்லைத் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது. ஆகவே கோளாறு என் ஒயரிங்கில்தான் என்று முடிவு செய்து, பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டேன். ஒவ்வொரு ஒயராகக் கழற்றி மாட்டினேன். பதினைந்து நிமிஷம் ஓடியது. பெரியப்பா என்னைத் திட்டவில்லை. கர்ச்சீப்பால் எலிசபெத்தின் விளக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்க முடியாமல்தான் நான் தலையை வெளியே எடுக்கவில்லை.

அப்போது எதிர்ப்பக்கமிருந்து ஒரு ஏசி கார் வந்து நின்றது. பெண்ணைக் காணோமே என்று தேடிக்கொண்டு டீச்சரம்மாவே வந்துவிட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். ஓரத்திலிருந்த செடியில் நீளமாக ஒரு குச்சியை ஒடித்தார். பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தார். குச்சி காய்ந்துகிடந்தது.

"பெட்ரோல் இல்லையேம்மா" என்றார் என்னிடம்.

மைன்ஸின் ஆழம் அத்தனையும் அந்த நேரத்தில் எனக்குத் தேவைப்பட்டது.

டீச்சரம்மா தன் டிரைவரைப் பங்க்குக்கு விரட்டினார். அவர் ஒரு தண்ணீர்க் கேனில் பெட்ரோலோடு வந்தபோது மணி பத்தாக எட்டு நிமிஷம். "ஜெசி, நீ நம்ம கார்ல ஏறு" என்றார் டீச்சரம்மா.

ஜெசி பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"அத்தை, நான் அப்பா வண்டியிலயே வரேன். நீங்களும் இதுலயே வாங்களேன். எங்கம்மா அந்தக் கார்ல வரட்டும்" என்றாள்.

டீச்சரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எலிசபெத்தில் ஏறி உட்கார்ந்தார்.

இப்போது முரண்டு பிடித்தவர் பெரியப்பா. "ஊத்தினது எத்தினி லிட்டருன்னு எனக்கு எப்டி தெரியும்? திரும்ப நின்னா? முள்ளு சரியா காட்டினாதான் நான் எடுப்பேன்."

"முள்ளுக்கு ஆறு வோல்ட்தான் போகுது பெரியப்பா, நானே அளந்தேனே" என்று முனகினேன்.

"எப்படி அளந்தே?" என்று பின்னாலிருந்து கேட்டார் டீச்சரம்மா.

"எல்லாத்தையும் ஒண்ணா போட்டு அளந்தேன் மேடம், சரியா ஆறு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். முதல் பாடம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"பெரியப்பா, எல்லாத்தையும் போடுங்க. வைப்பரு, ரெண்டு கையும்."

போட்டார். முள் கொஞ்சம் இறங்கியது. நான் எட்டி ஹார்னை அமுக்கினேன். முள் சரசரவென்று இறங்கி, அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் நின்றது. ஹார்னும் பழையபடி ஆடாகிவிட்டது.

"ஹார்ன வுட்றாத!" என்று கத்திக்கொண்டே பெரியப்பா கிளம்பினார்.

அப்படித்தான் ராபர்ட்சன்பேட்டைக்குள் நுழைந்தோம். சுட்டெரிக்கும் வெயிலில் வைப்பர் ஓட, பாஸ்டர் ஆசீர்வதிப்பதுபோல இரண்டு பக்கமும் கைகளை நீட்டிக்கொண்டு, நிற்காமல் ஆட்டுக் குரலில் கத்திக்கொண்டு எலிசபெத் போனாள். கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். பஸ் ஒதுங்கி வழி விட்டது. முதலில் சிரிக்க ஆரம்பித்தவள் ஜெசி. "சிரிக்காதே, முக்காடு கலைஞ்சிடும்" என்று அதட்டிய டீச்சரம்மா, அடுத்த நொடி அவளைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

சர்ச் வாசலில் நிறுத்தியபோது பத்துக்கு ஒரு நிமிஷம் இருந்தது. ஊர்வல ஹார்ன் என்று நினைத்துக்கொண்டு பேண்டுக்காரர்கள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் இறங்கினேன், என் வலது செருப்பு இறங்கவில்லை. காலடியில் கனன்றுகொண்டிருந்த ரெசிஸ்டன்ஸில் அதன் ரப்பர் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. கல்யாணம் முழுவதும் ஒற்றைச் செருப்போடு கடைசி பெஞ்சில் இருந்தேன். பெரியப்பா ஜெசியின் கையைப் பிடித்து நடந்துபோனதை அங்கிருந்து பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. ரப்பர் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த வாரமே நாலுக்கும் தனித்தனியாக வைத்துச் சரிசெய்தேன். எலிசபெத் இன்றும் ஆறு வோல்ட் உறுப்புகளோடு பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுகிறாள். ஆனால் எங்கள் குடும்பத்தில் எது கெட்டுப்போனாலும், அது மிக்சியோ செல்போனோ மாமாவின் முட்டியோ, யாராவது ஒருவர் "ரூபியக் கூப்புடு, ஹார்னையும் சேத்து அமுக்கச் சொல்லு" என்று சொல்லாமல் இருப்பதில்லை.

கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்து டீச்சரம்மாவிடமிருந்து எனக்கு போன் வந்தது. கோலார் வீட்டுக் கொட்டகையில் அவருடைய கணவரின் பழைய ஜீப் ஒன்று பல வருஷமாகக் கிடக்கிறதாம். அதுவும் ஆறு வோல்ட்டாம்.

"ஞாயித்துக்கிழமை வந்து பாரேன் ரூபி. பெட்ரோல் நான் ஊத்தி வெக்கறேன்" என்றார்.