பனியில் நின்ற நண்டுகள்

யாராவது எனக்கு ஒரு விஷயத்தை விளக்கத் தொடங்கினால், பாதியிலேயே "ஓம், விளங்கீட்டுது" என்று சொல்லிவிடுவேன். விளங்கியிருக்காது. அடுத்த வேலைக்கு ஓடும் அவசரம்தான். அந்த அவசரத்தில் நான் பட்ட அவமானங்களில் முதலிடம், பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் எங்கள் ஊர் ஒடியல் கூழுக்கு.

அப்போது சூரிச்சில் ஒரு பத்திரிகையின் சமையல் பக்கத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். அந்தப் பக்கத்தின் பொறுப்பாசிரியர் மிரியம், ஒரு யூதப் பெண்மணி. சின்னதொரு யூத வார இதழில் பண்டிகைப் பலகாரங்களைப் பற்றி எழுதத் தொடங்கி, இன்டர்லாக்கன் ஹோட்டல் சமையலறைகள் வரை நுழைந்து எழுதியவர். சமையல் புத்தகங்களும் போட்டிருந்தார். புதிய புத்தகத்துக்காக, அயலவர்களின் சமையலை யூத உணவு விதிகளுக்கு ஏற்ப மாற்றிப் பார்ப்பதற்கு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். (பன்றி கூடாது, நண்டும் இறாலும் கணவாயும் கூடாது, இறைச்சியோடு பால் சேரக் கூடாது.)

எங்கள் வீட்டுக்கு வரும்படி கேட்டது நான்தான். பயிற்சி முடிய என்னை வேலைக்கு எடுப்பதா என்பது அவர் கையில் இருந்தது. ட்ராமில் நின்றபடி நான் போனைப் பிடித்திருக்க, அவர் நெடுநேரம் ஏதோ விளக்கினார். நானோ, என் பெயரோடு வரப்போகும் கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன்.

எம்மன்புரூக்கேயில் இருந்த எங்கள் வீட்டில் அம்மாவிடம் நான் சேர்ப்பித்த செய்தி இவ்வளவுதான்: "அவ பன்றி சாப்பிடமாட்டா. மீன் சாப்பிடுவா."

மீன் என்றால் அம்மாவுக்கு முழுக் கடலும் அடங்கும். குறித்த நாள் வந்தது. மிரியத்தைக் கூட்டிவர அப்பா ஸ்டேஷனுக்குக் காரில் போய்விட்ட பிறகு கூழ்ப் பானையைத் திறந்தேன். நண்டு, இறால், கணவாய். அகப்பையைப் போட்டு எல்லாவற்றையும் அள்ளி ஒரு பேசின் பாத்திரத்தில் கொட்டி, பல்கனிப் பனிமேல் கொண்டுபோய் வைத்தேன்.

"உனக்கென்ன விசரோ? நண்டில்லாத கூழை ஆர் குடிக்கிறது?" என்றார் அம்மா.

அவை கண்ணில் பட்டால் என் வேலை போய்விடும் என்றேன். பிறகு சோபா மெத்தைகளைத் தட்டினேன், ஜன்னலுக்கு ஓடினேன், தட்டிய மெத்தைகளையே மறுபடி தட்டினேன்.

மிரியம் வந்தார். அம்மா சம்பலுக்குச் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். காரம் மிரியத்தின் தொண்டையைப் பிடித்தது. இருமிக்கொண்டே காற்று வாங்கப் பல்கனிக் கதவைத் திறந்தார்.

பனிக்குமேல் பேசின். பேசினிலிருந்து ஆவி. விளிம்பில் ஒரு நண்டுக்கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அது பக்கத்து வீட்டுக்காரருடையது என்றேன் நான். அம்மா, தொழிற்சாலை வேலையில் பழகிய தன் அரைகுறை ஜெர்மனில், நடந்தது முழுவதையும் சொல்லிவிட்டார்.

மிரியம் சிரித்ததில் இருமல் திரும்பி வந்தது. பிறகு விளக்கினார், இம்முறை கடைசிவரை கேட்டேன். நண்டை எடுத்தாலும், நண்டு வெந்த பானையில் இருக்கும் எதுவும் அவருக்கு ஆகாது. அதைவிட, வெளி வீடுகளில் பழம் தவிர எதையும் அவர் சாப்பிடுவதில்லை. பார்க்கவும் கேட்கவுமே வருவதாகப் போனிலேயே சொல்லியிருந்தாராம்.

மொழிபெயர்த்தேன். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. விடியற்காலையில் எழும்பி ஆக்கிய சாப்பாடு. வீட்டுக்கு வந்தவர் அதைத் தொடமாட்டார். யார்மேல் கோபப்படுவது என்று தேடி, கடைசியில் சரியாக என்னையே பார்த்தார்.

மிரியம் மெல்லத் தொடர்ந்தார். தன் வீட்டில் இறைச்சிக்கு ஒரு சட்டி, பாலுக்கு வேறு சட்டி என்றார்.

அம்மா நிமிர்ந்தார். "எங்கட மச்சச் சட்டி, சைவச் சட்டி மாதிரியோ? வெள்ளிக்கிழமையில மீன் சட்டியை நானும் தொடன் எண்டு சொல்லு."

சொன்னேன். மிரியம் கதிரையை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். அம்மா வாழைப்பழச் சீப்பை அவர் முன்னால் வைத்தார். சீப்பு முடிவதற்குள் இருவருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. எனக்குத்தான் வேலை இல்லாமல் போயிற்று.

(பத்திரிகையில் வேலை கிடைத்தது. அம்மாவுக்காகத்தான் எடுத்தார் என்று இன்றும் சந்தேகம்.)

அடுத்த வாரம் மிரியம் அம்மாவைத் தன் சூரிச் சமையலறைக்கு அழைத்து, செதில் உள்ள மீன் மட்டும் போட்டுக் கூழ் காய்ச்சினார். புத்தகத்தில் அது அம்மாவின் பெயரோடே வந்தது. விருந்துக்குக் கூப்பிட்டால் சித்தி இப்போதும் முதலில் கேட்பது, "நண்டு உள்ளுக்கோ, பல்கனியிலயோ?"

அம்மாவுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு மனக்குறை உண்டு. நண்டில்லாத கூழுக்குத் தன் பெயரைப் போட்டால் சனம் என்ன நினைக்கும் என்பது. அதனால் எங்கள் வீட்டுப் பிரதியில், அந்தச் சமையல் குறிப்புக்குக் கீழே, பேனையால் அழுத்தி எழுதி வைத்திருக்கிறார்: "நண்டும் போடவும்."